கடைசல் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் எதிரி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரக்கட்டையைச் சுற்றவிட்டு உளியால் வடிவம் எடுக்கும் மரக்கடைசல் தொழில் நலிந்துவருவதைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் கம்ப்யூட்டர் மெஷின் வந்ததால் கைத்தொழில் போனது என்று முடித்திருந்ததை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவனியாபுரத்தில் சின்னதாக ஒரு கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன், அப்பா காலத்திலிருந்து இதே தொழில்தான், கட்டில் கால், ஊஞ்சல் கம்பு, மாடிப்படித் தூண், நடைவண்டிச் சக்கரம், சாமி அறைக்குச் சின்னத் தூண் என்று எது கேட்டாலும் கடைந்து கொடுக்கிறோம். அதே பட்டறையில் இப்போது கம்ப்யூட்டர் வைத்து ஓடும் கடைசல் மெஷின் ஒன்றும் ஓடுகிறது. எந்தக் கம்பெனியிலும் வாங்கியதில்லை. டிப்ளமோ படித்த என் அக்கா மகனும் நானும் சேர்ந்து கட்டியது.

எங்கள் வேலையைப் பறித்தது எது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். மாடிப்படிக்கு எஸ்.எஸ். பைப் வந்தது. நடைவண்டி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வாக்கர் வந்தது. கட்டில், கால் இல்லாமல் பெட்டி வைத்த பிளைவுட் கட்டிலாக மாறிவிட்டது. இதையெல்லாம் தாண்டி மரத்திலேயே வேண்டும் என்று தேடி வருகிற வாடிக்கையாளரிடம், நாற்பது தூண் கடைய ஒரு மாதம் ஆகும் என்று சொன்னால் அவர் எப்படி நிற்பார்? காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் இன்றைக்கும் பர்மா தேக்குத் தூணுக்கு ஜோடியாகப் புதுத்தூண் கேட்டு வருகிறார்கள். வேலை இல்லாமல் இல்லை. கேட்கிற நாளுக்குள் கொடுக்க முடியவில்லை என்பதுதான் சங்கடம், இதற்கு ஆள் வைக்கலாம் என்றால் நாள் முழுக்க நின்று ஒரே தூணைத் திரும்பத் திரும்பக் கடைய எந்த வாலிபனும் வருவதில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மெஷின் யோசனை மருமகன் சொன்னதுதான். "மாமா, ஒரே தூணை நாப்பது தடவை நீங்க எதுக்குக் கடையணும்? முதல் தூணை நீங்க கடைஞ்சு குடுங்க, மிச்சத்தை மோட்டார் பாத்துக்கட்டும்" என்றான். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. முதல் தூண் என் கையில் பிறக்கிறது, அதை நீளவாக்கில் பாதியாக அறுத்து கிராஃப் தாளில் வைத்துக் கோடு இழுத்து, அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். டெம்ப்ளேட் என்கிற மாதிரித் தகட்டை வைத்து நகல் எடுக்கும் லேத், அதாவது கடைசல் மெஷின், எத்தனையோ காலமாக இருக்கிறது, அதைப் பார்த்து யாரும் தொழில் செத்துப்போனதாக எழுதவில்லை. எண்களை வைத்து மெஷின் ஓட்டுவதும் நேற்று வந்ததில்லை, 1952-இலேயே அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் துளை போட்ட காகித நாடாவை வைத்து உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டிவிட்டார்கள். எங்களைப் போன்ற பட்டறைக்கு எட்டுகிற விலைக்கு அது வந்துசேரத்தான் இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எப்படிக் கட்டினோம் என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், படிக்கிற யாராவது ஒருவர் கட்டினால் எனக்குச் சந்தோஷம். முதலில் பெட், அதாவது மெஷினின் அடித்தளம். மரக்கட்டை சுற்ற ஆரம்பிக்கும்போது சதுரமாக, ஒரு பக்கம் கனமாகத்தான் இருக்கும், அந்த உதறலைத் தாங்க எடை வேண்டும். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய சேனல் என்கிற பள்ள வடிவ இரும்புச் சட்டத்தை வெல்டிங் செய்து உள்ளே மணலும் சிமென்ட்டும் கலந்து கொட்டி இறுக்கினோம். வெல்டிங் சூட்டில் சேனல் முறுக்கிக்கொள்ளும், அதனால் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகாமல் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்து, நன்றாக ஆறவிட்டு, அதற்கப்புறம்தான் உளி நகரும் பாதையான ரெயில் போட வேண்டும். மேடுபள்ளத்தை நுணுக்கமாகக் காட்டும் டயல் கேஜை ரெயில்மேல் ஓட்டிப் பார்த்து, தாழ்ந்திருந்த இடத்தில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் செருகிச் செருகிச் சமன் செய்தோம். இந்த ஒரு வேலையில் அவசரப்படவே கூடாது. இரண்டு ரெயிலும் இணையாக இல்லாவிட்டால் உளியைச் சுமந்து நகரும் கேரேஜ் பாதி தூரத்தில் இறுகும், அதற்கப்புறம் எவ்வளவு விலை உயர்ந்த மோட்டார் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

மரத்தைச் சுற்றும் மோட்டார் ஒரு ஹெச்.பி., மூன்று பேஸ். பட்டறை லைன் சிங்கிள் பேஸ்தானே என்று பலரும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். வி.எஃப்.டி. என்கிற டிரைவ் சிங்கிள் பேஸை வாங்கிக்கொண்டு மூன்று பேஸாகக் கொடுக்கும், வேகத்தையும் ஒரு குமிழைத் திருப்பிக் கூட்டலாம் குறைக்கலாம். மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் சுருள்களின் ஸ்டார் இணைப்பை டெல்டாவாக மாற்ற வேண்டும், அதற்கு ஆறு முனையும் வெளியே வந்திருக்கிற மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள். உளியை நகர்த்துவதற்குப் படிப்படியாக அளந்து சுற்றும் இரண்டு ஸ்டெப்பர் மோட்டார், நீளவாக்குக்கு ஒன்று, குறுக்குக்கு ஒன்று. ஸ்டெப்பர் ஒரு சுற்றை 200 படியாகச் சுற்றும், அதை ஓட்டும் டிரைவர் என்கிற மின்பெட்டி அந்த ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1,600 துடிப்பு, உளியை நகர்த்தும் மரைத் தண்டான பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு. கணக்கு இவ்வளவுதான், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். குறுக்கு அச்சில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும், உளி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால் தூணின் குறுக்களவு இரண்டு மில்லிமீட்டர் குறையும்.

ஸ்டெப்பர் மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. வேகம் கூடக் கூட அதன் பலம் குறையும். மரத்தில் முடிச்சு வந்து உளி திணறினால் ஒன்றிரண்டு படியைத் தவறவிடும், தவறவிட்டது அதற்குத் தெரியவும் தெரியாது, மிச்சத் தூண் முழுக்க ஒரு ஓரமாகத் தள்ளியே கடையும். அதனால் அவசரப்பட்டு வேகமாக ஓட்டாமல், முதல் வெட்டுகளை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமலும் கடைசி வெட்டை அரை மில்லிமீட்டருக்குக் கீழேயும் வைத்துக்கொள்கிறோம்.

எல்லாவற்றையும்விட எங்களை அலைக்கழித்தது எர்த். வி.எஃப்.டி. ஓடும்போது அதிலிருந்து வருகிற மின் இரைச்சல் பக்கத்து ஒயர்களில் ஏறி, கேரேஜ் ஓரத்தைத் தொட்டால் மெஷினை நிறுத்தச் சொல்லும் லிமிட் சுவிட்சை யாரும் தொடாமலேயே தொட்டதாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும், மெஷின் பாதியில் நின்றுவிடும். மின் இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டு என்கிற உறை போட்ட கேபிளை வாங்கி அதன் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, மோட்டார் ஒயரையும் சிக்னல் ஒயரையும் தனித்தனிப் பாதையில் கொண்டுபோய், பட்டறைக்கு ஒழுங்கான எர்த் குழி வெட்டிய பிறகுதான் அது அடங்கியது. அப்புறம், அந்தச் சிவப்பு எமர்ஜென்சி பட்டன். அதைக் கம்ப்யூட்டர் வழியாக மட்டும் இணைக்காதீர்கள், காண்டாக்டர் என்கிற பெரிய மின்சுவிட்ச் வழியாக நேரடியாகக் கரன்ட்டை வெட்டுகிற மாதிரி போடுங்கள். கம்ப்யூட்டர் உறைந்துபோனாலும் அந்தப் பட்டன் வேலை செய்ய வேண்டும், ஏனென்றால் சுற்றுவது மரம், பக்கத்தில் நிற்பது மனுஷன். தோளில் துண்டு, தொங்குகிற சட்டைக் கை எதுவும் மெஷின் பக்கம் வரக் கூடாது என்பது கை லேத்துக்கும் இதற்கும் ஒரே விதிதான்.

மென்பொருளுக்குப் பணமே செலவில்லை. லினக்ஸ்சிஎன்சி என்று ஒன்று இருக்கிறது, அமெரிக்க அரசின் அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 1990-களில் ஆரம்பித்து எல்லாருக்கும் பொதுவாக விட்ட வேலையிலிருந்து வளர்ந்தது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பழைய பிரிண்டர் மாட்டுகிற 25 முனை போர்ட் இருக்கிற ஒரு பழைய டெஸ்க்டாப் போதும். எங்களுக்கு எல்லாச் சாமானும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள் முடிந்தது, எங்கள் உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. கம்பெனி மெஷின் இதைப்போலப் பல மடங்கு. அதைவிடப் பெரிய விஷயம், இதில் எது பழுதானாலும் எந்த ஊரிலிருந்தும் சர்வீஸ் ஆள் வரும்வரை நாங்கள் காத்திருப்பதில்லை. கட்டினவன் கைக்கு எங்கே என்ன இருக்கிறது என்று தெரியும்.

சரி, கைக்கு என்ன வேலை மிச்சம் என்று கட்டுரையாளர் கேட்கலாம். நிறையவே இருக்கிறது. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா உண்டு, சாதாரண உளி சீக்கிரம் மழுங்கிவிடும் என்பதால் மெஷினில் வட்டமான கார்பைடு துண்டைப் பொருத்தியிருக்கிறோம். வட்ட முனையால் கூர்மையான பள்ளத்தை வெட்ட முடியாது. தூணில் மணிபோல் உருண்ட இரண்டு பகுதிகளுக்கு நடுவே கத்தியால் கீறின மாதிரி விழ வேண்டிய அந்தக் கோடு இன்றைக்கும் என் உளியில்தான் விழுகிறது. எந்தக் கட்டையில் விரிசல் ஓடுகிறது, எது இன்னும் காயவில்லை, பூவரசில் எந்தப் பக்கம் நார் எழும்பும், வாகையை எவ்வளவு அழுத்தலாம் என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, கட்டையைத் தட்டிப் பார்த்துச் சொல்கிற ஆள் வேண்டும். வெட்டு சரியாகப் போகிறதா என்பதைத் திரையைப் பார்த்து நான் சொல்வதில்லை, சத்தத்தைக் கேட்டுத்தான் சொல்கிறேன். ஒரே ஒரு பொருள்தான் வேண்டும் என்றால், ஒரு மத்து, ஒரு பம்பரம், மெஷினில் கோடு ஏற்றுகிற நேரத்துக்குள் கையிலேயே கடைந்துவிடலாம். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானில், சுற்றுகிற மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தி அந்தச் சூட்டிலேயே நிறம் ஏற்றுகிறார்களே, அந்த அழுத்தத்தை எந்த எண்ணில் எழுதுவது?

மெஷின் பட்டறைக்கு வந்த பிறகு பக்கத்துத் தெருப் பையன்கள் இரண்டு பேர் தினமும் வந்து நிற்கிறார்கள். கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தவர்கள் இப்போது உளி பிடிக்கவும் கேட்கிறார்கள். கை லேத் மட்டும் இருந்த காலத்தில் இப்படி யாரும் வந்ததில்லை.

இனி நான் கேட்க நினைப்பது. இதைச் செய்ய நினைக்கிற கடைசல்காரருக்கு இன்று வழி இல்லை. நான் கடன் கேட்டுப் போன ஒரு வங்கிக் கிளையில், மெஷின் கம்பெனியின் கொட்டேஷன் கொண்டுவாருங்கள் என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார்கள். மோட்டார் ஒரு கடை, ஸ்க்ரூ இன்னொரு கடை, இரும்பு எடைக் கடை என்று வாங்குகிற ஆள் எந்தக் கம்பெனியின் கொட்டேஷனைக் காட்டுவான்? தமிழ்நாடு அரசு 2025-இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது, 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மரவேலை செய்பவர்களுக்கும் இடம் உண்டு. நல்ல திட்டம். இதுபோன்ற திட்டங்களில், தானே கட்டுகிற மெஷினுக்கு வாங்கிய உதிரிப் பாகங்களின் ஜி.எஸ்.டி. பில்களையும் மெஷின் செலவாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று தெளிவாக ஒரு உத்தரவு போட வேண்டும். மெஷின் ஓடுவதை மாவட்டத் தொழில் மையத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சான்று தரட்டும், அதன் பிறகு மானியத்தை விடுவிக்கட்டும், அதில் எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

இன்னொன்று, படிப்பு. மருமகன் இதைப் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். அவனுக்கு ஆங்கிலம் வரும், நாற்பது வயதுக் கடைசல்காரருக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதிய தொழில்நுட்ப மையங்களாக மாற்றியிருக்கிறார்கள். எங்கள் கே.புதூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பகலில் மாணவர்கள் படித்துவிட்டுப் போன பிறகு மாலை ஆறு மணிக்கு மேல் வாரத்தில் இரண்டு நாள், ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கு வயது, படிப்பு எதையும் கேட்காமல், தமிழில் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யலாம். மோட்டார் இணைப்பு, எர்த், மெஷினுக்குச் சொல்லும் மொழியான ஜி கோடில் நாலைந்து கட்டளை, பாதுகாப்பு, இவ்வளவு போதும், மிச்சத்தைப் பட்டறையில் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பாடம் நடத்த ஆள் இல்லை என்றால் மருமகன் வருவான், சம்பளம் கேட்க மாட்டான், நானும் மரத்தோடு வருகிறேன். எங்கள் மெஷினின் ஒயரிங் படமும் அளவுகளும் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம், கேட்டு வருகிற எந்தத் தொழிலாளிக்கும் நகல் எடுத்துக் கொடுக்கத் தயார்.

இந்த இரண்டு கோரிக்கையையும் சம்பந்தப்பட்ட துறைகளின் கவனத்துக்கு உங்கள் நாளிதழ் கொண்டுசெல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை எழுதியவர் மதுரைப் பக்கம் வந்தால் பட்டறைக்கு அவசியம் வரட்டும், வேலை நாளில் வந்தால் நல்லது, மெஷினும் உளியும் ஒரே தூணில் வேலை செய்வதை நேரிலேயே பார்க்கலாம்.

இப்படிக்கு,
மரக்கடைசல் தொழிலாளி ஒருவர்,
அவனியாபுரம், மதுரை.