எங்கள் பல்கலைக்கழகத்தில் என்ன வழக்கம் என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். சம்பா நடவு முடிந்துவிட்டது. மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, ஆனால் கொள்ளிடத்தில் தண்ணீர் போகிறது. உன் கடிதத்தை அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன்.

அமெரிக்காவில் உன் பல்கலைக்கழகத்துக்குப் பழைய மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருகிறார்கள் என்றும், ஒரே நிறத்தில் சட்டை அணிந்துகொண்டு அந்த ஊர்க் கால்பந்து பார்க்கிறார்கள் என்றும், எழுபது வயதுக்காரர்கூடப் பல்கலைக்கழகப் பாட்டை மனப்பாடமாகப் பாடுகிறார் என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கூட்டத்தின் நடுவே நின்றபோது, "இதில் எனக்கு என்ன பங்கு?" என்று தோன்றியதாம். நான் படித்த சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இப்படி ஏதாவது வழக்கம் உண்டா என்றும் கேட்டிருந்தாய். அது தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் இடம் பிறந்த கதையை நீதான் எனக்குச் சொன்னாய். 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம், மாநிலங்களுக்குக் கொடுத்த நிலம், அதை விற்ற பணத்தில் உழவும் பொறியியலும் கற்பிக்க எழுந்த கல்லூரிகள். அந்த நிலத்தில் பெரும்பகுதி பழங்குடி மக்களிடமிருந்து பறித்தது என்பதையும் நீ விடாமல் எழுதியிருந்தாய். எனக்கு அது பிடித்திருந்தது, பாப்பா.

எங்களுடையது வேறு விதம். கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பிறகு தமிழுக்கு ஒன்று, வடமொழிக்கு ஒன்று, இசைக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போனார். அந்தத் தமிழ்க் கல்லூரிக்குத் தலைமை ஏற்க 1924-ல் வந்தவர் உ.வே.சாமிநாதையர். கும்பகோணம் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்துவிட்டு, சென்னையிலும் கற்பித்து, முதுமையில் சிதம்பரத்துக்கு வந்து மூன்று ஆண்டுகள் இருந்தார். இந்தக் கல்லூரிகளோடு இருபது லட்ச ரூபாயையும் செட்டியார் அரசிடம் ஒப்படைக்க, 1929-ல் பல்கலைக்கழகம் உருவானது. ஊர் ஊராகக் கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்துகிற ஏற்பாடாக அதை அமைக்கவில்லை. ஒரே வளாகம், படிப்பும் தங்குவதும் அங்கேயே. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள், எங்கள் வழக்கங்கள் எல்லாம் இதிலிருந்து வந்தவைதான்.

சீர்காழியில் பயணிகள் ரயிலில் ஏறினால் கொள்ளிடம், வல்லம்படுகை, அடுத்தது சிதம்பரம். தினமும் போய்வரலாம். ஆனால் உன் தாத்தா என்னை விடுதியில்தான் சேர்த்தார். ஒரு போக நெல் விற்ற பணம் அதற்குப் போயிற்று. எங்கள் தெருவில் பெண்பிள்ளையை விடுதியில் விட்ட முதல் வீடு நம் வீடு. போய்வருகிறவளுக்கு வகுப்பு மட்டும்தான் கிடைக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் வாழ்க!

என் அறையில் வேளாண்மை படித்தவள் ஒருத்தி, இசை படித்தவள் ஒருத்தி. விடியற்காலையில் ஒருத்தி சரளி வரிசை பாடிக்கொண்டிருப்பாள். இன்னொருத்தி வயல் பயிற்சிக்குக் கிளம்பி, சேறு ஒட்டிய காலோடு மெஸ்ஸுக்கு வந்து உட்காருவாள். நான் யாப்பிலக்கணத்தை வைத்துக்கொண்டு திணறுவேன். சீரையும் தளையையும் எனக்குக் காதால் புரியவைத்தவள் அந்த இசை மாணவிதான், என் ஆசிரியர்கள் அதற்குப் பிறகுதான். பக்கத்து அறைப் பெண் கடல் உயிரியல் படிக்கப் பரங்கிப்பேட்டை போனாள். வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் அவர்களுக்கு ஆய்வு மையம். அவள் வந்து நண்டின் வாழ்க்கையைச் சொன்னால் இரவு மணி போவது தெரியாது. ஒரு கல்லூரியில் ஒரு துறையை மட்டும் படித்திருந்தால் இவர்களில் யாரை நான் சந்தித்திருப்பேன்?

மார்கழித் திருவாதிரை வந்தால் விடுதியே தேரோடும் வீதிகளில்தான் இருக்கும். இராமநாதபுரத்துப் பெண்களையும் கேரளத்துப் பெண்களையும் உள்ளூர்க்காரிகள் வீட்டுக்கு அழைத்துப்போய்க் களியும் கூட்டும் போடுவார்கள். நான் என் அறைத் தோழிகளைப் பொங்கலுக்கு ஊருக்குக் கூட்டிவந்தேன். ஊருக்குப் போக முடியாத பெண்ணை விடுமுறையில் தனியே விடுதியில் விடக்கூடாது என்பது எங்களுக்குள் இருந்த கட்டுப்பாடு. எந்த விதிப் புத்தகத்திலும் அது இல்லை. ஆனால் ஒருத்தியும் மீறியதாக நினைவில்லை.

இன்னொரு வழக்கம், எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்தது. எங்கள் துறையில் மூத்த மாணவிகள் போகும்போது பாடப்புத்தகங்களை விற்க மாட்டார்கள், அடுத்து வருகிறவளிடம் கொடுத்துவிடுவார்கள். எனக்குக் கிடைத்த இலக்கண நூலின் முதல் பக்கத்தில் எனக்கு முன்னால் அதைப் படித்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன, ஊர்ப் பெயரோடு. ஓரங்களில் அவர்கள் எழுதிய குறிப்புகள். ஒரு கடினமான நூற்பாவின் பக்கத்தில், "பயப்படாதே, உதாரணத்தை முதலில் படி" என்று பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள். அந்த அக்காவை நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்திய காலமெல்லாம் உதாரணத்தைத்தான் முதலில் எடுத்தேன்.

எங்களுக்கு முன்னால் அங்கே கற்பித்தவர்களின் கதைகளையும் விடுதியில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவிலிருந்து வந்த விபுலாநந்த அடிகள் 1931-லிருந்து அங்கே தமிழ்ப் பேராசிரியர். பழந்தமிழர் யாழ்களைப் பற்றி அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947-ல் அரங்கேறியது எங்கே தெரியுமா? நம் குடவாசல் பக்கத்துத் திருக்கொள்ளம்பூதூரில். அடுத்த மாதமே அவர் மறைந்தார். வலங்கைமானில் வறிய குடும்பத்தில் பிறந்து கும்பகோணத்தில் படித்த சீனிவாச சாஸ்திரியார், தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்துவிட்டு வந்து 1935 முதல் 1940 வரை துணைவேந்தர். திருச்செங்காட்டங்குடி தண்டபாணி தேசிகர் இசைத் துறையின் தலைவராக இருந்தார். தமிழில் பாடினால் கச்சேரி ஆகாது என்று சொன்ன காலத்தில் தமிழிசைக்குப் பாடம் வகுத்துத் தந்த வளாகம் அது. நம் ஆற்றங்கரைக் கிராமங்களில் பிறந்தவர்களும் கடல் கடந்து வந்தவர்களும் ஒரே இடத்தில் கற்பித்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

நீ சிறுமியாக இருந்தபோது வாயிலருகே ஒரு சிலையைக் காட்டினேன், நினைவிருக்கிறதா? மாணவர் இராசேந்திரன். 1965 ஜனவரி 27-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர். பட்டம் வாங்கப் போனவர்கள் எல்லாரும் அந்தச் சிலையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனோம். ஒரு பல்கலைக்கழகத்துக்குத் துக்கமும் வழக்கமாகிவிடும், பாப்பா. உன் இடத்தின் நிலத்துக்கும் அப்படி ஒரு துக்கம் இருக்கிறது.

பிறகு பலவும் மாறிவிட்டன. 2013-ல் மாநில அரசு தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இப்போது சுற்றுப்பக்கத்துக் கல்லூரிகளும் அதோடு இணைந்திருக்கின்றன. அரசின் கையில் இருப்பது சரி என்பதுதான் என் எண்ணம். நெல் விற்றுப் பிள்ளையைப் படிக்கவைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. கட்டணம் அவர்களுக்கு எட்டுகிற உயரத்தில் இருக்க வேண்டும்.

உன் கேள்விக்கு வருகிறேன். பங்கு வேண்டுமென்றால் அங்கே உனக்கு முன்னால் வந்தவர்களைத் தேடு. உங்கள் நூலகத்தில் பழைய ஆண்டு மலர்கள் இருக்கும். நம் பக்கத்திலிருந்து போன முதல் மாணவர் யார், அந்த மண்ணுக்கு உரிய பழங்குடியினரிலிருந்து அங்கே படித்த முதல் பெண் யார் என்று பார். உன் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேருகிற பிள்ளைக்கு உன் குறிப்பேட்டைக் கொடு. விடுமுறையில் ஊருக்குப் போக முடியாதவர்களை அழைத்துச் சோறு போடு. கொத்சு வைக்க உனக்குத் தெரியும், அங்கே கத்தரிக்காயும் கிடைக்கிறது. அடுத்த ஆண்டு அந்தக் கூட்டத்தில் நீயும் நிறச் சட்டை போட்டுக்கொண்டு பாட்டைப் பாடு. வரிகளை எனக்கும் எழுதி அனுப்பு.

2029-ல் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு நூறு வயது. நான் போகத்தான் போகிறேன், நீயும் கூட வர வேண்டும். அதற்குள் உன் ஆய்வு முடிந்துவிடுமா, விடுமுறை எப்படி என்று உன் பேராசிரியரிடம் இப்போதே பேசிவை. டிக்கெட் பணத்தை அப்பா தருகிறேன் என்கிறார். குளிருக்குக் கம்பளிக் காலுறை வாங்கினாயா என்றும் அவர் கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா