50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புல், புதர் வெட்டும் பிரஷ் கட்டர் வாங்கும் விவசாயிக்குக் கடையில் பிளேடு மாட்டக் கற்றுத் தருகிறார்கள், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்தும் காட்டுகிறார்கள். எண்ணெய் விஷயத்தில் மட்டும் "பெட்ரோல்ல 2டி ஆயில் கலந்து ஊத்துங்க" என்ற ஒரே வரியோடு அனுப்பிவிடுகிறார்கள். 2டி என்றால் டூ-ஸ்ட்ரோக்; பல பிரஷ் கட்டர்களில் இருப்பது அந்த வகை இன்ஜின். எந்த ஆயில், எத்தனை மில்லி என்று தெரியாமலே மெஷின் தோப்புக்குள் இறங்குகிறது. பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துப் பட்டறைக்கு வரும் மெஷினைத் திறந்தால், காரணம் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளில்தான் கிடக்கிறது.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலுக்கென்று தனிக் கிண்ணம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து உள்ளே போகும் ஆயில்தான் கிராங்க் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைக்கிறது. பிறகு அதுவும் சேர்ந்தே எரிந்து சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. ஆகவே இந்த ஆயில் வழுக்கினால் மட்டும் போதாது, சுத்தமாக எரியவும் வேண்டும். பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ40 ஆயில் இங்கே உதவாதது இதனால்தான். அதில் சேர்த்திருக்கும் கால்சியம், துத்தநாகக் கூட்டுப்பொருள்கள் எரிந்ததும் சாம்பலாகி பிஸ்டன் தலையிலும் பிளக் முனையிலும் கட்டிக்கொள்ளும்.

கடையில் டின்னை வாங்கினால் விலையைப் பார்க்கும் முன் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஜாசோ என்ற ஜப்பானியத் தரக் குறியீடு இருக்கும். எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று தரம் ஏறிக்கொண்டே போகும். எஃப்சி புகை குறைவானது. எஃப்டி அதோடு கரியையும் நன்றாகக் கட்டுப்படுத்தும், பிஸ்டன் ரிங் அதன் காடியில் ஒட்டாமல் காக்கும். பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் செயின் சா, முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயர் எல்லாமே காற்றால் குளிர்பவை. மணிக்கணக்கில் முழு ஆக்சிலேட்டரில் ஓடுபவை. பழைய மொபெட் கண்ட வேலையும் இதுவும் ஒன்றல்ல. எஃப்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காத ஊரில் எஃப்சி போதும். அதற்குக் கீழே இறங்க வேண்டாம். மினரலா சிந்தெடிக்கா என்ற வாதத்தைவிட இந்த எழுத்துகள்தான் முக்கியம்.

கடலோர ஊர்களில் இன்னொரு குழப்பம் உண்டு. படகு இன்ஜினுக்கு விற்கும் டிசி-டபிள்யூ3 ஆயிலும் டூ-ஸ்ட்ரோக் ஆயில்தான். ஆனால் அது படகின் பின்பக்கம் மாட்டும், தண்ணீரால் குளிரும் அவுட்போர்டு மோட்டாருக்கானது. காற்றால் குளிரும் இன்ஜினின் சூட்டுக்கு அது ஏற்றதல்ல.

அடுத்தது அளவு. கையேட்டில் 50:1 என்று இருப்பதை லிட்டருக்கு 50 மில்லி என்று எடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்பதே பொருள். 1000 மில்லியை 50-ஆல் வகுத்தால் 20 மில்லி. 40:1 என்றால் 25 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. லிட்டருக்கு 50 மில்லி ஊற்றினால் அது 20:1 ஆகிவிடும். "ஆயில் கூடினா நல்லதுதானே" என்பார்கள். இல்லை. பிளக் ஈரமாகக் கறுத்துப்போகும், புகைபோக்கித் துளையில் கரி அடைக்கும், சைலன்சருக்குள் இருக்கும் சல்லடை மூடிக்கொள்ளும், மெஷின் இழுக்காது. ஆயில் ஏறிய அளவுக்கு உள்ளே போகும் பெட்ரோலும் குறைகிறது.

எந்த விகிதம் என்பதை மெஷினின் கையேடுதான் சொல்ல வேண்டும். சில கம்பெனிகள் தங்கள் ஆயிலுக்கு 50:1 என்றும், வேறு ஆயில் என்றால் 25:1 என்றும் இரண்டு கணக்கு தருகின்றன. அந்த இரண்டாவது வரியைப் பலரும் படிப்பதில்லை.

அளக்க மருந்துக் கடையில் 20 மில்லி ஊசிக்குழல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மூடிக் கணக்கு, கண் அளவு வேண்டாம். மெஷின் டேங்கில் நேரடியாகக் கலக்கவும் கூடாது. பெட்ரோல் கேனில் பாதி பெட்ரோல் ஊற்றி, ஆயிலைச் சேர்த்துக் குலுக்கி, மீதிப் பெட்ரோலை ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். ஒவ்வொரு முறை டேங்கில் நிரப்பும் முன்பும் ஒரு குலுக்கு. தண்ணீர் பாட்டிலில் கலந்து வைக்காதீர்கள். வெயிலில் வேலை செய்துவிட்டுத் தாகத்தோடு வருபவர் கைக்கு அது எட்டும். ஆயிலுக்குச் சாயம் போட்டிருப்பது கலந்த பெட்ரோலை அடையாளம் காணத்தான். கேனில் நிறம் தெரியவில்லை என்றால் மெஷினில் ஊற்றாதீர்கள்.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள்பட வைத்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். 2டி ஆயிலோ மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடும். இந்த மெஷின்களில் பெட்ரோலை உறிஞ்சும் வடிகட்டி டேங்கின் அடியில்தான் கிடக்கிறது. அதாவது ஆயிலைச் சரியாக அளந்து ஊற்றியவரின் இன்ஜினும் ஆயிலே இல்லாத திரவத்தைக் குடிக்கும். எனவே ஒரு வாரத் தேவைக்கு மட்டும் கலக்குங்கள். ஒரு மாதம் தாண்டியதை ஊற்ற வேண்டாம். மெஷினை ஓய்வில் வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வுக்கும் அதுவே நல்லது.

பிஸ்டன் எப்படி இருக்கிறது என்று பார்க்க இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆறிய பின் சைலன்சரின் போல்ட்டுகளைக் கழற்றி, டார்ச் அடித்து, கயிற்றை மெல்ல இழுத்துத் துளை வழியே பாருங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் மெல்லிய குறுக்கு வரிகள் தெரிந்தால் நல்ல நிலை. மேலிருந்து கீழாகக் கீறல் ஓடியிருந்தால் கெட்டுவிட்டது. சுற்றிலும் கீறல் என்றால் ஆயில் கலக்காத பெட்ரோல் போயிருக்கிறது. புகைபோக்கிப் பக்கம் மட்டும் என்றால் சூடு: பெட்ரோல் குறைவாகப் போனது, எங்கோ காற்று உறிஞ்சுவது, சிலிண்டரைக் குளிர்விக்கும் வெளி இதழ்களில் புல் அடைத்தது இவற்றில் ஒன்று. உள்ளிழுக்கும் பக்கம் தேய்ந்திருந்தால் தூசி. ஏர் ஃபில்டரைப் பாருங்கள். பின்னவை இரண்டுக்கும் ஆயிலைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஃபோர்-ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரும் இப்போது பரவலாக விற்கிறது. இன்ஜினில் ஆயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் அது ஃபோர்-ஸ்ட்ரோக். அதற்குக் கலக்காத பெட்ரோல்தான். இரண்டும் உள்ள வீட்டில் கேன்களுக்கு வேறு வேறு நிறத்தில் பெயின்ட் அடித்துவிடுங்கள். செயின் சாவின் செயினுக்கு ஊற்றும் ஆயிலும் தனி. வடித்த பழைய இன்ஜின் ஆயிலை அதில் ஊற்றினால் அதிலுள்ள உலோகத் துகள் ஆயில் பம்பைத் தின்றுவிடும்.

டெல்லியில் 2டி ஆயிலைச் சில்லறையாக அளந்து விற்பதை 1998 டிசம்பர் 31-க்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அது ஊர்க் காற்றைக் காக்க வந்த ஆணை. தோட்டத்தில் முகத்துக்கு நேரே அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்கும் பெயர் தெரியாத ஆயிலைப் பாட்டிலில் பிடித்துக் கொடுப்பது தவறுதான். வேளாண் பொறியியல் துறை மானியத்தில் கொடுக்கும் ஒவ்வொரு டூ-ஸ்ட்ரோக் மெஷினின் டேங்க் மூடியிலும் "1 லிட்டர் பெட்ரோல் + இத்தனை மில்லி ஆயில், எஃப்டி தரம்" என்று தமிழில் அழியாத ஸ்டிக்கர் ஒட்டி, கூடவே ஓர் அளவுக் குவளையும் தர வேண்டும் என்பதை விற்பனையாளருக்கு நிபந்தனையாக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பண்ணை இயந்திரப் பழுதுநீக்குவோர்,
பொள்ளாச்சி