கிளேடன் பண்ணையை மீட்டவர் மேரி வெர்னி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் கிளேடன் பண்ணைக்கு உரியவராயிருந்த சர் ரால்ஃப் வெர்னி (1613–1696) பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, மூத்த மகன் என்பதால் அவருக்கு எல்லாம் தானாக வந்து சேர்ந்தது போலவும், மனைவி மேரி வீட்டோடு இருந்துவிட்டது போலவும் சொல்கிறது. இரண்டுமே தவறு.

நிலம் மூத்த மகனுக்குத்தான். ஆனால் பாரத்தோடு வரும். அக்காலத்தில் திருமணத்தின்போதே பத்திரம் எழுதிவிடுவார்கள். பெண் வீட்டார் சீதனத்தை ரொக்கமாகத் தருவார்கள். கணவன் இறந்தால் அவளுக்கு ஆண்டுதோறும் கிடைக்க வேண்டிய தொகைக்கு மாப்பிள்ளை வீட்டார் நிலம் ஒதுக்குவார்கள். அந்தப் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 100 பவுண்டு சீதனத்துக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு என்பது பரவலான கணக்கு. தங்கைகளின் சீதனமும் தம்பிகளின் ஆண்டுப்படியும் அதே நிலத்தின் தலையில்தான் விழும். குத்தகை வரவு நின்றால் இத்தனை பேர் வயிற்றிலும் அடி. 1642 அக்டோபர் 23 அன்று மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையிலான உள்நாட்டுப் போரின் எட்ஜ்ஹில் களத்தில், மன்னரின் கொடியைத் தாங்கி நின்ற தந்தை சர் எட்மண்ட் கொல்லப்பட்டபோது, ரால்ஃபுக்கு நிலத்தோடு கடன்களும் வந்தன. மணமாகாத ஐந்து தங்கைகளும் இருந்தார்கள்.

ரால்ஃப் நாடாளுமன்றப் பக்கம் நின்றவர். 1643இல் ஸ்காட்லாந்தோடு செய்த உடன்படிக்கை உறுதிமொழியில் கையெழுத்திட மனம் ஒப்பாமல் பிரான்சுக்குப் போய், பிளுவா நகரில் தங்கினார். 1645இல் நாடாளுமன்ற உறுப்பினர் பதவி பறிபோனது. சொத்தும் முடக்கப்பட்டது. அப்படி முடக்கினால் குத்தகைக்காரர்கள் பணத்தை நாடாளுமன்றத் தரப்பின் மாவட்டக் குழுவிடம் கட்ட வேண்டும். உரிமையாளருக்கு ஒன்றும் வராது.

இதை மீட்க மேரிதான் 1646 இறுதியில், கர்ப்பிணியாக, லண்டன் திரும்பினார். பெண்கள் மனுப் போட்டால் காரியம் நடக்கும் என்று யோசனை சொன்னவர் ரால்ஃபின் தாய்மாமன், மருத்துவர் வில்லியம் டென்டன். வேலை இரண்டு கட்டம். என்ன காரணத்துக்காக முடக்கினார்கள் என்று மாவட்டக் குழுவிடம் சான்று வாங்க வேண்டும். பிறகு அதை வைத்து லண்டனில், நாடாளுமன்றம் இருந்த வெஸ்ட்மின்ஸ்டரின் குழுவிடம் மனுச் செய்ய வேண்டும். சிக்கல் முதல் கட்டத்தில்தான். ரால்ஃப் மன்னருக்காக ஆயுதம் எடுத்தவர் அல்ல. அவர் மீதிருந்த குற்றம் நாடாளுமன்றத்துக்கு வராமல் இருந்தது மட்டுமே. சான்றில் அதற்கு மேல் ஒரு வார்த்தை ஏறினாலும் வழக்கு கெட்டுவிடும். 1647 முழுவதும் மேரி அலைந்தார். அந்த ஆண்டிலேயே இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தார். அப்படியும் விடவில்லை. 1648 ஜனவரியில் முடக்கம் நீங்கியது. மேரி 1650 மே மாதம் பிளுவாவில் காலமானார், வயது 34. ரால்ஃப் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

கட்டுரையில் முடக்கம் நீங்கியது 'ஜனவரி 1647' என்று அச்சாகியிருக்கிறது. இது அச்சுப்பிழை அல்ல. அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு பிறப்பது மார்ச் 25 அன்று. ஆகவே நம் கணக்கில் 1648 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் 1647 என்றே இருக்கும். கட்டுரை அதை நம் கணக்குக்கு மாற்றாமல் விட்டுவிட்டது. போதாக்குறைக்கு பிரான்சின் நாட்காட்டி இங்கிலாந்தைவிட 10 நாள் முன்னால் ஓடியது. கணவன் மனைவி கடிதங்களை இந்த இரண்டையும் கழித்துக் கூட்டாமல் அடுக்கினால், கேள்விக்கு முன்னால் பதில் வந்து நிற்கும். வெர்னி குடும்பத்தின் 30,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருப்பதால் சரிபார்ப்பது முடியாத காரியமல்ல.

இளைய மகன் ஜானைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை. நிலம் கிடைக்காது என்று தெரிந்தே வணிகத்துக்குப் போய், 1662 முதல் 1674 வரை சிரியாவின் அலெப்போவில் தொழில் செய்தவர் அவர். அண்ணன் எட்மண்டும் அண்ணன் மகன்களும் தந்தைக்கு முன்பே இறந்துபோனதால், 1696இல் கிளேடன் இந்த வணிகர் கைக்குத்தான் வந்தது.

தொடரின் அடுத்த பகுதியில் அந்தத் தேதியையாவது திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்