ராபின், நீங்களே முதலில் அழையுங்கள்: யுபி40 இசைக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ராபின், அலி, ஜிம்மி, ஏர்ல், நார்மன், மிக்கி ஆகியோருக்கு,

வணக்கம். உங்கள் பாடல்களை நெடுங்காலமாகக் கேட்டுவரும் உரிமையில் எழுதுகிறேன். ஒரே பெயரை வைத்துக்கொண்டு இரண்டு குழுக்கள் ஊர் ஊராகப் பாடுவதும், அந்தப் பெயருக்காக நீங்கள் நீதிமன்றப் படி ஏறியதும் என்னைப் போன்றவர்களுக்குப் பெரும் வேதனை.

'யுபி40' என்ற அந்தப் பெயர் வேலையில்லாதோர் உதவித்தொகைக்காக பிரிட்டிஷ் அரசு கொடுத்த படிவத்தின் எண். 1978-இல் பர்மிங்காமில் நீங்கள் கூடியபோது, அதே படிவத்தோடு லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கும் உரிய பெயருக்கு வழக்கா?

உங்களில் பலருக்கு அப்போது இசைக்கருவி வாசிக்கவே தெரியாது. மதுக்கூட அடிதடியில் அலியின் முகத்தில் பட்ட காயத்துக்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகைதான் இசைக்கருவிகளாக மாறியது. 1979 பிப்ரவரியில் கிங்ஸ் ஹீத் பகுதியின் 'ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ்' மதுக்கூடத்தில் முதல் மேடை. பிறகு பாடகி கிரிஸ்ஸி ஹைண்ட் தம் 'பிரிட்டெண்டர்ஸ்' குழுவோடு பாட உங்களை அழைத்துக்கொண்டார்.

முதல் ஆல்பத்தைத் தயாரிப்பாளர் பாப் லாம்பின் சிறிய வீட்டிலேயே பதிவு செய்தீர்கள். இடம் போதாமல் தாளக் கருவிகளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனீர்கள். காதைத் தீட்டிக் கேட்டால் பறவைகளின் குரலும் பாட்டோடு வருகிறது. எனக்கு அந்த இசைத்தட்டில் மிகப் பிடித்தது அதுதான். உறையில் அச்சிட்டிருந்ததும் அதே வேலையில்லாதோர் படிவ அட்டை. டட்லி நகரின் சின்னஞ்சிறு நிறுவனம் 1980-இல் வெளியிட்ட அந்த ஆல்பம் பிரிட்டனில் இரண்டாம் இடம்வரை ஏறியது.

இவற்றையெல்லாம்விடப் பெரிதாக நான் மதிப்பது ஒன்று உண்டு. பாட்டு யாருக்குத் தோன்றியிருந்தாலும் எட்டுப் பேர் பெயரையும் போட்டீர்கள். வருமானத்தையும் சமமாகவே பகிர்ந்தீர்கள். இசையுலகில் எத்தனை பேர் அப்படிச் செய்தார்கள்?

2008-இல் அலி விலகினார்; பிறகு அதே பெயரில் தனி அணி அமைத்தார். நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் உங்கள் எட்டுப் பேரில் 2021 ஆகஸ்டில் பிரையன் டிராவர்ஸ் போனார்; நவம்பரில் ஆஸ்ட்ரோவும் போய்விட்டார். ஒருவர் ஓர் அணி, மற்றவர் எதிரணி. அந்த நிலையிலேயே இருவரும் கண்ணை மூடியதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

குழுக்களை இணைக்கும்படி கேட்கவில்லை. ஒரே ஒரு மாலை, ஆறு பேரும் ஒரே மேடையில் நின்று அந்த முதல் ஆல்பத்தை முழுமையாக வாசியுங்கள். வரும் பணத்தில் பர்மிங்காமின் ஏழைப் பிள்ளைகளுக்கு இசைக்கருவிகள் வாங்கிக் கொடுங்கள்.

யார் முதலில் பேசுவது என்று காத்திருக்க வேண்டாம். ராபின், நீங்கள் அண்ணன். நீங்களே தம்பி அலியை அழையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்