கற்றுக்குட்டி என்றால் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வார விளையாட்டுப் பக்கத்தில் ஐஸ் ஹாக்கி பற்றி எழுதியதற்கு முதலில் நன்றி. கிரிக்கெட்டுக்கு நடுவே நாலு பத்தி கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால் அந்த நாலு பத்திக்குள் அமெரிக்க ஐஸ் ஹாக்கி வீரர் ஜான் மயாசிச்சைக் 'கற்றுக்குட்டி ஆட்டக்காரர்' என்று எழுதிவிட்டீர்களே! அமெச்சூர் என்ற சொல்லுக்கு இப்படிப் பொருள் சொல்லும் அகராதி எந்தக் கடையில் கிடைக்கும்?

மயாசிச் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எவலெத் என்கிற இரும்புச் சுரங்க ஊரில் 1933-இல் பிறந்தவர். அவர் பள்ளியில் ஆடிய நான்கு வருடமும் மாநிலப் பட்டம் அந்தப் பள்ளிக்குத்தான். மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு 111 ஆட்டங்களில் 144 கோல். 1956 கோர்ட்டினா ஒலிம்பிக்கில் அமெரிக்கா கனடாவை 4-1 என்று மடக்கியபோது மூன்று கோல் இந்தக் கற்றுக்குட்டி போட்டதுதான். அந்த முறை வெள்ளி. 1960 ஸ்குவா வேலியில் தங்கம்.

அமெச்சூர் என்றால் ஆட்டத்தைத் தொழிலாக வைத்துக்கொள்ளாதவர், அவ்வளவுதான். அன்றைக்கு வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இல் இருந்ததே ஆறு அணிகள். ஆடியவர்களும் ஏறக்குறைய எல்லோரும் கனடாக்காரர்கள். மயாசிச் அதில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஒரு பக்கம் வேலை, இன்னொரு பக்கம் கிரீன் பே பாப்கேட்ஸ் அணி என்று வருடக்கணக்கில் ஓட்டினார். நம் தயான் சந்தும் ராணுவச் சம்பளத்தில் ஆடியவர்தான், உங்களுக்குத் தெரியாததல்ல. அவரையும் கற்றுக்குட்டி என்று போடுவீர்களா?

போன வருடமும் இதே கதைதான். 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் அமெரிக்கா சோவியத்தை 'முதன்முறையாக' வென்றது என்று எழுதினீர்கள். 1960-லேயே 3-2 என்று வென்றாயிற்று, ஐயா. அதில் இரண்டு கோல் போட்ட பில் கிறிஸ்டியனின் மகன் டேவ் 1980 அணியில் ஆடினார். 1960 அணியிலிருந்து கடைசி நேரத்தில் கழற்றிவிடப்பட்ட ஹெர்ப் புரூக்ஸ்தான் 1980-இன் பயிற்சியாளர். அப்போதும் கடிதம் போட்டேன். அது அச்சாகவில்லை. வெங்காயத்தின் பயன்கள் மட்டும் முழுப் பக்கம் வந்தது.

இவருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்பீர்கள். நான் கோவில்பட்டிக்காரன். எழுபதுகளில் ஒரு அலுவலக அணிக்கு ஹாக்கி ஆடினேன். பகலெல்லாம் பேரேடு எழுதிவிட்டு, ஐந்தரை மணிக்குக் கட்டாந்தரையில் இறங்குவோம். முடிந்ததும் ஒரு டீ, ஒரு வடை. மட்டை உடைந்தால் சொந்தக் காசு. ஒருமுறை வெளியூர்ப் போட்டியில் முன்பல் போய்விட்டது. மறுநாள் மேலாளர் பல்லைப் பற்றி விசாரிக்கவில்லை, அரை நாள் விடுப்புக்கு விண்ணப்பம் எங்கே என்றுதான் கேட்டார். ஊரிலும் எங்களுக்குப் பொழுதுபோகாத பயல்கள் என்றுதான் பெயர். மயாசிச் எங்கே, நான் எங்கே! ஆனால் வேலை முடிந்து ஆடப் போகிறவனின் கால் எப்படி வலிக்கும் என்பது எனக்குத் தெரியும், கட்டுரை எழுதியவருக்குத் தெரியாது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் 'கற்றுக்குட்டி' என்பதை எடுத்துவிட்டு 'அமெச்சூர்' என்று ஒரு வரித் திருத்தம், அதே பக்கத்தில். இடம் போதாதென்றால் ராசிபலனில் என் மகர ராசியை இந்த ஒரு வாரம் விட்டுவிடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
முன்னாள் லெஃப்ட் அவுட்,
கோவில்பட்டி