புதுப் பற்றரி வாங்குவதற்கு முன்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது கொஞ்சம் குறைவு. மருமகளையும் பேரப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்லு.

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து மனம் சரியில்லை. பின்னேரம் மீன்பிடிப் போட்டில் எல்லாச் சுவிட்சையும் நிறுத்தி, மெயின் சுவிட்சையும் திருப்பிவிட்டு வருகிறாய். விடியப்புறம் போய்த் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் டிக் டிக் என்கிறது, சுற்றவில்லை. கடைக்காரர் பற்றரியை மாற்றச் சொல்கிறார் என்றாய். மாற்றாதே. அது போன வருடம் வாங்கியது, ஒழுங்காகப் பார்த்தால் இன்னும் இரண்டு மூன்று வருடமாவது உழைக்க வேண்டிய சாமான். கரண்ட் எந்த வழியால் போகிறது என்று தெரியாமல் புதிதை வைத்தால் அதுவும் அதே வழியால் போய்விடும், காசும் போய்விடும்.

போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். இதைப் போட்டுக்குக் கொண்டுபோய், பார்த்துப் பார்த்துச் செய்.

முள்ளிவாய்க்கால், கள்ளப்பாடு, அளம்பில் என்று இந்தப் பக்கத்துக் கடலில் எஞ்சின் நின்றால் பக்கத்துப் போட் வந்து கட்டியிழுக்கும் என்ற நம்பிக்கையாவது இருந்தது. நீ இப்போது நிற்பது பேசாலை. 1974 இல் இந்தியாவுக்கும் எங்களுக்கும் நடுவில் கடலில் கீறிய எல்லைக்கோடு உனக்குத் தூரமில்லை. எஞ்சின் நின்ற போட், காற்றும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம் போகும். கோட்டைத் தாண்டினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், போட்டும் உனக்குக் கிடைக்காது. இரவில் இழுவைப் படகுகள் நடமாடும் கடல் வேறு. உன்னுடைய லைற் மங்கினால் அவர்களுக்கு உன்னைத் தெரியாது. இன்னொன்றும் கேள். பற்றரி 11 வோல்ற்றுக்குக் கிட்ட இறங்கினால் விஎச்எப் றேடியோவில் மற்றவர்கள் கதைப்பது உனக்குக் கேட்கும், ஆனால் நீ ஆபத்துக்கு 16 ஆம் சனலில் கூப்பிடுவது யாருக்கும் போகாது. கேட்பதற்கு அரை அம்பியர்கூட வேண்டாம், கூப்பிடுவதற்கு ஐந்து அம்பியர் அளவில் வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், இதை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகாதே. இரண்டு நாள் தொழில் போனால் பரவாயில்லை.

சரி, முதல் வேலை. பற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவா. கழற்றும்போது மைனஸ் வயரை முதலில் எடு, பூட்டும்போது மைனஸைக் கடைசியாகப் பூட்டு. நட்டுக் கழற்றுகிற சாவி கைதவறி எஞ்சினில் பட்டாலும் பொறி பறக்காது. காற்றோட்டமான இடத்தில் வைத்து முழுக்கச் சார்ஜ் பண்ணு. பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ வேண்டாம், சார்ஜ் ஏறும்போது வருகிற வாயு தீப்பிடிக்கும். ஏறி முடிந்ததும் சார்ஜரைக் கழற்றிவிட்டு, ஒரு இரவு முழுக்கச் சும்மா விடு. காலையில் மல்ரிமீற்றரை வைத்துப் பார். 12.6 அல்லது 12.7 வோல்ற் நின்றால் பற்றரி நல்லது, பிழை போட்டில். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் அரைவாசி, 12 என்றால் கால்வாசிதான் என்று கணக்கு. ஒன்றும் பூட்டாமல் வைத்த பற்றரி ஒரே இரவில் 12.2க்கு வந்திருந்தால் கடைக்காரர் சொன்னது சரி. அப்போதும் அசிட்டின் அடர்த்தி காட்டுகிற ஹைட்றோமீற்றரால் ஆறு செல்லையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார். ஐந்து செல் 1.250 காட்டி ஒன்று மட்டும் 1.180 காட்டினால் அந்தச் செல் செத்துவிட்டது, அதற்கு வைத்தியமில்லை.

பற்றரியைச் சீமெந்து நிலத்தில் வைக்காதே, நிலம் கரண்டை உறிஞ்சும் என்று உன் மாமனார் சொல்வார். அவர்கள் காலத்துப் பெட்டிகளுக்கு அது பொருந்தும். இப்போதைய பிளாஸ்ரிக் பெட்டிக்கு அந்தப் பயம் வேண்டாம், எங்கேயும் வைக்கலாம். பொருளாதாரத் தடைக்காலத்தில் நான் வேலை செய்த சார்ஜ் கொட்டிலில் பலகை போட்டுத்தான் பற்றரிகளை அடுக்குவோம். வன்னிக்குள் ரோச் பற்றரிகூட வரவிடாத காலம் அது. செத்த ரோச் பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நேரம் எடுப்பார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்பார்கள். 2002 இல் பாதை திறக்கும்வரை ஒரு கார்ப் பற்றரி வைத்திருக்கிற வீடு பெரிய வீடு. அந்தக் கொட்டிலில்தான் எனக்கு இந்த வேலை பிடிபட்டது. பற்றரி தானாகச் சாவது குறைவு, பார்க்காமல் விட்டுத்தான் சாகிறது.

இப்போது போட்டைப் பார்ப்போம். நான் இரவெல்லாம் யோசித்தது இதைத்தான். உன்னுடையது 70 அம்பியர் மணிப் பற்றரி. நீ கரையில் விட்டு வருவது பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம். அதற்குள் எஞ்சினைச் சுற்ற முடியாத அளவுக்கு இறங்க வேண்டுமென்றால் மூன்று நாலு அம்பியர் விடாமல் போக வேண்டும். ஜிபிஎஸ் மறந்து எரிந்தாலும் அவ்வளவு இழுக்காது. அதோடு மெயின் சுவிட்சைத் திருப்பிவிட்டேன் என்கிறாய். அப்படியென்றால் அந்தச் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு நேரே பற்றரியில் பூட்டியிருப்பது எது? தண்ணீர் இறைக்கிற பம்ப். போட்டுக்குள் மழைத்தண்ணீர் நின்றால் ஆளில்லாத நேரமும் இறைக்க வேண்டுமென்று அதை அப்படித்தான் பூட்டுவார்கள். அதன் மிதவைச் சுவிட்சில் நைலோன் நூலோ செதிலோ சிக்கி, மிதவை கீழே விழாமல் நின்றால் போதும். தண்ணீர் இல்லாவிட்டாலும் பம்ப் விடிய விடியச் சுற்றும். பற்றரி இறங்கியதும் நின்றுவிடும். காலையில் நீ போகும்போது சத்தமே இருக்காது. எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். பம்பைத் தூக்கி, மிதவையைக் கையால் உயர்த்தி விட்டுப் பார். தானாக டக்கென்று விழ வேண்டும்.

ஆனால் என் சந்தேகத்தை நம்பி நிறுத்திவிடாதே, அளந்து பார். பற்றரியைத் திரும்பப் போட்டில் வைத்துப் பிளஸ் வயரைப் பூட்டு. மைனஸ் வயரைப் பூட்டாமல், மீற்றரின் ஒரு கம்பியை மைனஸ் முனையிலும் மற்றதைக் கழற்றிய வயரிலும் வை. மீற்றரின் சிவப்புக் கம்பி 10 அம்பியர் ஓட்டையில் இருக்க வேண்டும், சின்ன ஓட்டையில் குத்தினால் உள்ளே பியூஸ் போய்விடும். அந்த நேரம் எஞ்சின் திறப்பைத் தொடவே கூடாது, மீற்றர் எரிந்துவிடும். எல்லாம் நிறுத்தியிருக்கும்போது மீற்றர் பூச்சியத்தில், அல்லது அதற்குக் கிட்ட ஒரு சில மில்லி அம்பியரில் நிற்க வேண்டும். அரை அம்பியர் காட்டினால்கூட ஒரு நாளைக்கு 12 அம்பியர் மணி போகிறது என்று அர்த்தம், மூன்று நாளில் பாதிப் பற்றரி காலி. கூடக் காட்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்று. எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கள்ளன். எல்லாப் பியூஸையும் கழற்றியும் விழவில்லை என்றால் எஞ்சினிலிருந்து பற்றரிக்கு வருகிற வயரைக் கழற்றிப் பார். எஞ்சினின் கரண்டைப் பற்றரிக்கு ஏற்றபடி மாற்றுகிற ரெக்ரிபையரில் டயோட் பழுதானால் கரண்ட் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. இதைப் பல பேர் நம்பமாட்டார்கள். மீற்றரை வோல்ற்றில் வைத்து, கறுப்புக் கம்பியை மைனஸ் முனையில் பிடி. சிவப்புக் கம்பியை ஒரு முனையிலும் படாமல், பற்றரியின் மேல்மூடியில் சும்மா இழுத்துக்கொண்டு போ. சுத்தமான மூடியில் ஒன்றும் வராது. உப்பும் அசிட்டும் படிந்து ஈரமாக இருந்தால் அரை வோல்ற், ஒரு வோல்ற், பிளஸுக்குக் கிட்டப் போகப்போக இன்னும் கூடக் காட்டும். மூடியின் மேலாலேயே கரண்ட் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு ஓடுகிறது என்று அர்த்தம். இது ஒரே இரவில் பற்றரியை இறக்காது, ஆனால் கடல் ஈரத்தில் நாளுக்கு நாள் தின்றுகொண்டே இருக்கும். அம்மா அப்பத்துக்குப் போடுகிற அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து, செல் மூடிகளை இறுக்கிவிட்டு, பழைய பிரசால் தேய். நுரைத்து வரும். நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரால் கழுவித் துடை. சோடா ஒரு துளிகூடச் செல்லுக்குள் போகக் கூடாது. முனைகளில் பூத்திருக்கும் பச்சைத் தூளையும் சுரண்டிவிட்டு, வயரை இறுகப் பூட்டி, அதற்குப் பிறகு கிறீஸ் பூசு. கிறீஸைப் பூசிவிட்டுப் பூட்டாதே.

இது எதிலும் பிழை தெரியவில்லையென்றால், பற்றரி முதலே நிறையவில்லை என்றுதான் நினைக்க வேண்டும். உன் எஞ்சின் பற்றரிக்குக் கொடுப்பது வேகமாக ஓடும்போது ஐந்தாறு அம்பியர் அளவில்தான். வலை வைத்துவிட்டு மெல்ல ஓட்டும்போது ஒன்றுமே ஏறாது. நீயோ இரவெல்லாம் மீன் காட்டும் கருவி, றேடியோ, லைற் எல்லாவற்றையும் எரிக்கிறாய். வரவு குறைவு, செலவு கூட. பழைய 10 வாற் குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு எல்ஈடி போடு, அதே வெளிச்சம் 2 வாற்றில் வரும். எஞ்சின் வேகமாக ஓடும்போது பற்றரி முனைகளில் 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்டுகிறதா என்று பார். ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் பற்றரி வயரைக் கழற்றாதே, ரெக்ரிபையர் போய்விடும். காசு சேர்ந்ததும் எஞ்சின் சுற்ற ஒரு பற்றரி, லைற்றுக்கும் கருவிகளுக்கும் வேறொன்று என்று பிரித்துவிடு. நான் உனக்கு வாங்கித்தர நினைத்திருப்பதும் அதுதான். வெள்ளை அடிக்கச் சொல்லி அம்மா நிற்கிறா, அது பொறுக்கட்டும்.

தண்ணீர் விடுவதிலும் கவனம். கடையில் விற்கிற பற்றரித் தண்ணீரை மட்டும் விடு. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் உவர், தகட்டைத் தின்றுவிடும். சார்ஜ் ஏற்றிய பிறகு விடு, முன்னே விட்டால் ஏறும்போது பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அதை மூடுகிற அளவுக்கு முதலில் விடலாம். அசிட் ஒருநாளும் விடாதே. பற்றரியை மூடியுள்ள பெட்டியில், போட்டின் அடியிலிருந்து உயரத்தில் வைத்து வாரால் கட்டு. கடல்தண்ணீர் செல்லுக்குள் போனால் குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும். அப்படி நடந்தால் மூடியைத் திறந்து குனிந்து பார்க்காதே, காற்று வருகிற பக்கமாக விலகி நில்.

வாடைக்காற்றுத் தொடங்கிப் போட்டைக் கரையேற்றியதும் பற்றரியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாதம் ஒருமுறை முழுக்க ஏற்று. இறங்கிய பற்றரியை அப்படியே போட்டு வைத்தால் தகட்டில் வெள்ளை படிந்து இறுகிவிடும், பிறகு எத்தனை மணித்தியாலம் சார்ஜ் போட்டாலும் ஏறாது.

எஞ்சினைக் கையால் இழுக்கிற கயிறு போட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் போடு.

மீற்றரில் என்ன எண் வருகிறதோ எனக்கு உடனே சொல்லு. எந்தப் பியூஸைக் கழற்றும்போது விழுந்தது, சும்மா வைத்த பற்றரி காலையில் எத்தனை வோல்ற் நின்றது, இரண்டையும் சொல்லு. பம்ப்தான் என்றால் புது மிதவைச் சுவிட்சை நான் இங்கிருந்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மன்னார் பஸ்ஸில் வரும் உன் சித்தப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா