கேட்காமல் பேலன்ஸ் ஷாஃப்டைக் கழற்றிவிட்டீர்கள், அதையும் அரைகுறையாக

பட்டறை நிர்வாகி அவர்களுக்கு,

என் மிட்சுபிஷி லான்சர் எவோ 3ஐ உங்களிடம் விட்டது அதன் 4ஜி63 இன்ஜினை இறக்கி ஓவர்ஹால் செய்ய. ரிங், சீல், கேஸ்கெட், டைமிங் பெல்ட், பேலன்ஸ் பெல்ட் எல்லாம் புதிதாகப் போட வேண்டும் என்று வேலைச் சீட்டில் உங்கள் ஆளே எழுதினார், நகல் இணைத்திருக்கிறேன். காரை எடுக்க வந்தபோது பில்லில் "பேலன்ஸ் ஷாஃப்ட் டெலிட்" என்று ஒரு வரி, அதாவது இன்ஜின் அதிர்வை அடக்கும் இரண்டு ஷாஃப்டுகளைக் கழற்றிவிட்டீர்கள், அதற்குத் தனியாக 1,800 வெள்ளி. யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்றதற்கு உங்கள் ஃபோர்மேன், "4ஜி63க்கு எல்லாரும் செய்றதுதான் பாஸ், பவர் கூடும், பெல்ட் அறுந்து போற தொல்லையும் இல்ல" என்றார்.

எல்லாரும் செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும், ஏன் செய்கிறார்கள் என்பதும் தெரியும். அந்தச் சின்ன பேலன்ஸ் பெல்ட் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் ஓடுகிறது, அது அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினால் வால்வும் பிஸ்டனும் முட்டி சிலிண்டர் ஹெட்டே போய்விடும். டிராக் ஓட்டுகிறவர், 8,000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுக்கிறவர், அந்த ஆபத்தை அடியோடு ஒழிக்க ஷாஃப்டைக் கழற்றுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் ஓட்டுவது சாலையில். கிள்ளானிலிருந்து ஈப்போவுக்கு அம்மா அப்பாவைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு போகும் கார் இது, பெல்ட்டைப் புதிதாகப் போடச் சொன்னதும் அதற்காகத்தான். பவர் கூடும் என்பதும் பெரிய பேச்சு. இரண்டு ஷாஃப்ட்டைச் சுற்றும் சுமை குறைவதால் இன்ஜின் கொஞ்சம் சுறுசுறுப்பாக ஏறலாம், அவ்வளவுதான், அதைக் காட்ட, பவரை அளந்த ஒரு டைனோ தாள்கூட உங்களிடம் இல்லை.

அந்த ஷாஃப்டுகள் சும்மா வைத்தவை இல்லை. நாலு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்கினாலும், கனெக்டிங் ராடு சாய்ந்து ஆடுவதால் மேல் பாதியில் பிஸ்டனின் வேகம் கீழ்ப் பாதியைவிட அதிகம், அதனால் ஒன்றுக்கொன்று சரியாகச் சமன் ஆகாமல் கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை இன்ஜின் மேலும் கீழும் அதிரும். அதை அடக்கத்தான் எடை வைத்த இரண்டு ஷாஃப்டுகள் கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றுகின்றன. மிட்சுபிஷி 1970களில் இதற்கு 'சைலன்ட் ஷாஃப்ட்' என்று பெயர் வைத்துக் கொண்டுவந்தது, போர்ஷே நிறுவனமே தன் 944க்காக மிட்சுபிஷிக்கு உரிமத் தொகை கொடுத்து வாங்கிப் பயன்படுத்திய வேலைப்பாடு. இப்போது என் காரில் நெடுஞ்சாலையில் 110ல் போனால் ஸ்டியரிங், கியர் லீவர், நடுக் கண்ணாடி எல்லாம் நடுங்குகிறது, பின்னால் வரும் வண்டியின் விளக்கு இரண்டு இரண்டாகத் தெரிகிறது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த விஷயத்தைப் பொறுக்கவே முடியாது. சூடான பிறகு ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கியது. உங்களுக்கு ஃபோன் செய்தால் சென்சார் கோளாறு, மாற்றிப் பாருங்கள் என்று வைத்துவிட்டீர்கள். மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்தேன், ஆயில் அழுத்தம் வெறும் 6 பிஎஸ்ஐ. 4ஜி63ஐத் தொட்டவர் யாருக்கும் தெரிந்த ஒன்று, ஷாஃப்டை ஒழுங்காகக் கழற்றினால் பிரஷர் குறையாது, கூடும், ஏனென்றால் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகளுக்குப் போய்க்கொண்டிருந்த ஆயில் மிச்சமாகிறது. சில பேர் அது அளவுக்கு மீறி ஏறிவிடுகிறது என்று, மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வழியைக் கடைந்து பெரிதாக்குகிறார்கள். என் இன்ஜினில் மட்டும் ஏன் இறங்குகிறது?

வேறொரு பட்டறையில் இன்ஜினைத் திரும்பவும் இறக்கி, முன் கேஸைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தோம். ஷாஃப்டை உருவிவிட்டு பேரிங்கை அப்படியே விட்டிருக்கிறீர்கள். பேரிங்கின் துளையும் பிளாக்கின் ஆயில் துளையும் நேருக்கு நேர் நிற்கின்றன. அந்த பேரிங்கைத் திருப்பி அடித்துத் துளையை மூட வேண்டும் என்பது இந்த வேலையின் பாலபாடம். மூடாததால் கிராங்குக்கும் டர்போவுக்கும் போக வேண்டிய ஆயில் அந்த வழியாகச் சும்மா அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் கொட்டிக்கொண்டிருந்தது. படங்களை இணைத்திருக்கிறேன். ராடு பேரிங் ஒன்றில் கோடு விழ ஆரம்பித்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் பிளாக்கே உடைந்திருக்கும்.

கழற்றிய ஷாஃப்டுகளைக் கேட்டதற்குப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்கிறீர்கள். அது உங்கள் பொருள் இல்லை, என்னுடையது. இந்த வயதுள்ள காருக்கு நல்ல நிலையில் அசல் ஷாஃப்ட் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இதே தொழில் செய்கிற உங்களுக்குத் தெரியாதா?

நான் கேட்பது இதுதான். டெலிட்டுக்கு வாங்கிய 1,800 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். அசல் ஷாஃப்டுகள், பேரிங், பெல்ட், ராடு பேரிங் செட், இவற்றின் விலையும் இரண்டாவது முறை இன்ஜின் இறக்கி ஏற்றிய கூலியும் உங்கள் பொறுப்பு, பில்கள் இத்துடன் இருக்கின்றன. வேலையை உங்களிடம் திரும்பக் கொடுக்க மாட்டேன், அதை மட்டும் கேட்காதீர்கள்.

1999ஆம் ஆண்டின் மலேசியப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு செய்யும் சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்தாக வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடுவேன். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம், என் கணக்கு அதற்குள்தான் வருகிறது.

இப்படிக்கு,
எவோ 3 உரிமையாளர்,
கிள்ளான்